பெங்களூரு வாடகை வீட்டில் ஜிம் வைக்கப் போகிறீர்களா? வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

மாரத்தஹள்ளி, பிடிஎம் லேஅவுட், எலெக்ட்ரானிக் சிட்டி என்று எங்கோ ஓர் அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறீர்கள். அலுவலகம் விட்டு சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வீடு சேர்வதற்குள் ஜிம்முக்குப் போகும் நேரமும் போய்விடுகிறது, போகும் ஆசையும் போய்விடுகிறது. வீட்டிலேயே ஓர் அறையில் சாமான் வாங்கிப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எந்த டம்பெல் நல்லது, எந்த பெஞ்ச் நல்லது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓனரிடம் என்ன எழுதி வாங்க வேண்டும், 60 கிலோ பெட்டி லாரி குடோனில் வந்து இறங்கினால் வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது, தரை டைல்ஸ் உடைந்தால் யார் பணம் போகும் என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. நான் அலைந்து திரிந்து, ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை அவை. வாடகை வீட்டில் சாமானைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பாருங்கள். இதைத் தலைகீழாகச் செய்பவர்களுக்குத்தான் செலவு இரட்டிப்பாகிறது.

நேரக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்மதம் வாங்கி, தரை போட்டு, சாமான் வந்து, பூட்டி முடிக்க மூன்று நான்கு வாரம் ஆகும். டம்பெல்லும் பெஞ்சும் போதும் என்றால் 25,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். பார்பெல் (இரு முனையிலும் பிளேட் எனும் எடைத் தட்டு மாட்டித் தூக்கும் நீளக் கம்பி), ராக் (அந்தக் கம்பியைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம்) எல்லாம் வேண்டும் என்றால் 50,000 முதல் 70,000 வரை ஒதுக்குங்கள். கீழே வரும் விலைகள் நான் விசாரித்தபோது கிடைத்த ஏறத்தாழக் கணக்கு. கடைக்குக் கடை மாறும்.

1. ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்

பெங்களூரில் அட்வான்ஸ் தொகை பெரிது. ஐந்தாறு மாத வாடகை சாதாரணம், பத்து மாதம் கேட்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பணம் முழுக்க ஓனர் கையில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது இங்கே வழக்கம். அதோடு உடைந்த டைல்ஸ், சுவரில் ஓட்டை என்று கணக்கு நீண்டால் வாதாட உங்களிடம் ஏதாவது ஆதாரம் இருக்க வேண்டும்.

முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம்தான். சுவரில் துளை போடக் கூடாது, கட்டட அமைப்பை மாற்றக் கூடாது என்ற வரிகள் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஓனருக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதுங்கள். போனில் பேசி "சரி, வெச்சுக்கோங்க" என்று அவர் சொன்னது இரண்டு வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. செய்தியில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: எந்த அறை, மொத்த எடை எவ்வளவு, தரைக்கு என்ன பாதுகாப்பு போடுகிறீர்கள், சுவரில் துளை போடுவீர்களா இல்லையா.

"ஜிம்" என்று மட்டும் சொன்னால் ஓனர்கள் பயப்படுகிறார்கள். வெளியாட்கள் வந்து போகும் இடமோ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. "என் சொந்த உபயோகத்துக்கு உடற்பயிற்சிச் சாமான், பயிற்சி வகுப்பு எதுவும் கிடையாது" என்று தெளிவாக எழுதுங்கள். பதில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அன்றே அந்த அறையின் தரை, சுவர், கதவு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே விரிசல் விட்ட டைல் இருந்தால் அதைக் கிட்டத்தில் தனியாக எடுங்கள். பின்னால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தப் படம்தான்.

2. அசோசியேஷன், கேட், லிஃப்ட்

தனி வீடு அல்லது மூன்று மாடிச் சின்னக் கட்டடம் என்றால் இதைத் தாண்டிவிடலாம். பெரிய அடுக்குமாடி என்றால் அசோசியேஷன் அலுவலகத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். கனமான சாமானுக்கு எந்த லிஃப்ட்? எந்த நேரத்தில் அனுமதி? அதற்குக் கட்டணம் உண்டா? சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமை பெரிய சாமான் ஏற்ற விடமாட்டார்கள். வண்டி வந்து கேட்டில் நின்ற பிறகு இது தெரிந்தால், காத்திருக்கும் நேரத்துக்கு டிரைவர் பணம் கேட்பார். மைகேட் போன்ற செயலி இருந்தால் வண்டிக்கு முன்கூட்டியே அனுமதி போட்டுவிடுங்கள்.

லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கில், 6 பேர் லிஃப்ட் 408 கிலோ, 8 பேர் லிஃப்ட் 544 கிலோ தாங்கும். எடை பிரச்சினையாக இருக்காது, உயரம்தான் பிரச்சினை. ராக்கின் தூண்கள் 7 அடி இருக்கும். சின்ன லிஃப்டில் சாய்த்தும் நுழையாமல் போகலாம். படியில் தூக்குவது என்றால் மாடிக்கு இவ்வளவு என்று ஹமாலிக் கூலி பேச வேண்டியிருக்கும். தூக்குவதற்கு முன்பே பேசி முடியுங்கள்.

3. அறையை அளந்து காகிதத்தில் வரையுங்கள்

இதற்கு ஒரு மாலை முழுக்க ஒதுக்கினாலும் தகும். ஒலிம்பிக் பார்பெல்லின் நீளம் 2.2 மீட்டர், அதாவது 7 அடி 2 அங்குலத்துக்குச் சற்று மேல். இரண்டு பக்கமும் பிளேட் மாட்டக் கை நுழைய ஒன்றரை அடியாவது வேண்டும். ஆக 10 அடிக்கு மேல் அகலம் தேவை. பெங்களூரில் 2 பிஎச்கே வீட்டின் இரண்டாவது படுக்கையறை பெரும்பாலும் 10க்கு 10 அல்லது 10க்கு 11. அலமாரி ஒன்று சுவரோடு இருந்தால் அந்த 10 அடியும் கிடையாது.

இடம் போதவில்லை என்று 5 அடி பார் வாங்க நினைப்பீர்கள். பலர் விழும் குழி இது. ராக்கின் அகலம் பெரும்பாலும் 4 அடியை ஒட்டி இருக்கும். பாரின் நடுப்பகுதி, அதாவது பிளேட் மாட்டும் இரண்டு முனைகளுக்கும் இடைப்பட்ட பகுதி, அந்த ராக்கின் வெளி அகலத்தைவிட நீளமாக இருந்தால்தான் ராக்கில் உட்காரும். ஒலிம்பிக் பாரில் அது சுமார் 131 செ.மீ. குட்டையான பாரில் அது குறைந்துவிடும். 6 அடி பார் வாங்குவதாக இருந்தால் மொத்த நீளத்தைக் கேட்காமல் நடுப்பகுதி எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் டேப் வைத்து அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது ஃபேன். கூரை ஒன்பதரை அடியில் இருந்தாலும் ஃபேனின் இறக்கை எட்டரை அடியில்தான் சுற்றுகிறது. தலைக்கு மேல் பாரைத் தூக்கினால், பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. என்பதால் பாருக்கு மேலே இன்னும் 22 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். பாய், பிளைவுட் எல்லாம் சேர்ந்து தரையும் ஒன்றரை அங்குலம் ஏறிவிடும். கையில் ஒரு துடைப்பக்கட்டையைப் பிடித்து மேலே தூக்கி நின்று, வீட்டில் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். பிளேட், தரை இரண்டின் கணக்கையும் கழித்த பிறகு இடைவெளி அரை அடிகூட இல்லை என்றால் அந்தப் பயிற்சியை உட்கார்ந்து செய்யுங்கள், அல்லது நிற்கும் இடத்தை ஃபேனுக்கு அடியிலிருந்து மாற்றுங்கள். கர்லாக்கட்டை சுற்றுபவர்களுக்கும் இதே அளவுக் கணக்கு வேண்டும். அதற்குப் பின்பக்கமும் இடம் வேண்டும்.

"மாடியில் இவ்வளவு எடை வைத்தால் தளம் தாங்குமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். குடியிருப்பு அறைகளுக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் பயன்பாட்டுச் சுமை, அதாவது ஆள், சாமான் எடை, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ராக் 80, பிளேட் 100, பெஞ்ச் 25, பார் 20, நீங்கள் 75, மொத்தம் 300 கிலோ. 8 அடிக்கு 6 அடி இடத்தில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 70 கிலோவைத் தொடாது. முறையாகக் கட்டிய கட்டடத்தில் இது பயப்பட வேண்டிய எடை இல்லை. பயப்பட வேண்டியது எடையைக் கீழே போடுவதற்கு. 100 கிலோ பாரை இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் விழும் அடி வேறு. டைல் போகும், கீழ் வீட்டுக்காரர் மேலே வருவார். சுவருக்கு வெளியே நீட்டிக் கட்டிய பால்கனியில் ராக் வைக்கவே வைக்காதீர்கள். பழைய கட்டடம், கூரையில் விரிசல், கசிவு என்றால் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் பார்பெல் பக்கம் போக வேண்டாம்.

4. தரையை முதலில் போடுங்கள்

சாமான் வந்த பிறகு தரை போடலாம் என்று தள்ளினால், ராக்கை நகர்த்தும்போதே இரண்டு டைல் போய்விடும்.

ஆன்லைனில் கிடைக்கும் வண்ண வண்ணப் பஞ்சு பாய், புதிர்த் துண்டுபோல் ஒன்றோடொன்று மாட்டுவது, யோகாவுக்கும் தண்டாலுக்கும் சரி. அதன் மேல் டம்பெல்லை ஒரு மாதம் வைத்தால் குழி விழுந்துவிடும். அதன் மேல் நின்று பஸ்கி எடுத்தால் கால் ஆடும். எடை தூக்குவதற்கு 15 அல்லது 20 மி.மீ. ரப்பர் டைல் வேண்டும். சதுர அடிக்கு 80 முதல் 130 ரூபாய் வரை சொல்கிறார்கள். டெட்லிஃப்ட் (பாரைத் தரையிலிருந்து இடுப்பு வரை தூக்குவது) செய்வீர்கள் என்றால் ரப்பருக்கு அடியில் 18 மி.மீ. பிளைவுட் போடுங்கள். எடை ஒரே இடத்தில் இறங்காமல் பரவும். 8க்கு 4 அடிப் பலகை ஒன்று, சாதாரண ரகம், மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிவிடுங்கள். லிஃப்டில் முழுப் பலகை நுழையாது.

பிளைவுட்டைத் தரையில் ஆணி அடிக்கவோ பசை போட்டு ஒட்டவோ வேண்டாம். அடியில் ஒரு பழைய பெட்ஷீட்டையோ மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பையோ போட்டு, அதன் மேல் சும்மா வையுங்கள். எடையே பிடித்துக்கொள்ளும். காலி செய்யும்போது தூக்கி எடுத்தால் டைல் புதிதாக இருக்கும்.

புதிய ரப்பருக்கு டயர் கடை வாசனை வரும். இரண்டு மூன்று நாள் பால்கனியில் காற்றாட வைத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்துப் போடுங்கள். குழந்தைகள் தூங்கும் அறை என்றால் இதை விட்டுவிடாதீர்கள்.

5. எதை முதலில், எதைக் கடைசியில்

முதல் மாதம்: பாய், ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எனும் இழுக்கும் ரப்பர் பட்டை, மூன்று நான்கு ஜோடி டம்பெல். அறுகோண வடிவ ரப்பர் டம்பெல் உருளாது, அதையே வாங்குங்கள். கிலோ 150 முதல் 250 ரூபாய். 5, 7.5, 10, 12.5 என்று நான்கு ஜோடி எடுத்தால் 70 கிலோ. கிலோ 180 என்று கிடைத்தால் 12,600 ரூபாய். சாய்க்கக்கூடிய பெஞ்ச் ஒன்று ஐயாயிரத்திலிருந்து. பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், பக்கவாட்டில் ஆடினால் வேண்டாம். விளம்பரத்தில் 300 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தாலும் வேண்டாம்.

பார்பெல் பக்கம் போனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது பிளேட் துளையின் அளவு. மலிவு செட்டுகளில் வருவது ஒரு அங்குலத் தடி, அதாவது 25 முதல் 28 மி.மீ. ஜிம்மில் இருப்பது 50 மி.மீ. ஒன்றுக்கு வாங்கிய பிளேட் இன்னொன்றுக்கு ஒழுங்காகப் பொருந்தாது. தொடர்ந்து செய்யும் எண்ணம் இருந்தால் முதல் பிளேட்டிலிருந்தே 50 மி.மீ. வாங்குங்கள். பின்னால் விற்கவும் சுலபம்.

"20 கிலோ ஹோம் ஜிம் செட், ஆயிரத்துச் சொச்சம்" என்று வரும் விளம்பரங்களில் இருப்பது பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிமென்ட் கலவை. தடிமனாக இருப்பதால் பாரில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், கீழே விழுந்தால் ஓரம் பிளந்து தூள் கொட்டும். வார்ப்பிரும்பு அல்லது ரப்பர் பூசிய இரும்பு கிலோ 120லிருந்து 220 ரூபாய்க்குள். வந்ததும் ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பாருங்கள். 10 கிலோ என்று அச்சிட்டது 9.4 இருந்தால் அன்றே படம் எடுத்து அனுப்பி மாற்றச் சொல்லுங்கள்.

பார்பெல் செட்டின் உத்தேசச் செலவு இப்படி வரும்: தரை 10,000, பார் 8,000, பிளேட் 80 கிலோ 12,500, பெஞ்ச் 7,000, ராக் அல்லது ஸ்குவாட் ஸ்டாண்ட் 12,000 முதல் 25,000, லாரி, தூக்குக் கூலி எல்லாம் சேர்த்து 3,000. விலை கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள். உடற்பயிற்சிச் சாதனத்துக்கு 18 சதவீதம், 40,000 ரூபாய் பில்லில் 7,200 கூடிவிடும். சில நிறுவனங்கள் ஊழியர்களுக்கு உடல்நலச் செலவைத் திருப்பித் தருகின்றன. உங்கள் அலுவலகத்தில் அது உண்டு என்றால் உங்கள் பெயர் போட்ட முறையான பில் அவசியம்.

தனியாகச் செய்பவர்கள் ராக்கில் பாதுகாப்புக் கம்பி இல்லாமல் பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து நெஞ்சுக்கு மேல் பாரைத் தூக்குவது) செய்யவே கூடாது. தூக்க முடியாமல் பார் நெஞ்சில் இறங்கினால் எடுத்துவிட வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். பணம் குறைக்க வேண்டுமென்றால் பிளேட்டில் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள்.

6. எங்கே வாங்குவது, எப்படிக் கொண்டுவருவது

சர்ஜாப்பூர் சாலை, பன்னேர்கட்டா சாலையில் உள்ள டெகத்லான் கடைகளில் தொட்டுப் பார்த்து வாங்கலாம். டம்பெல், பேண்ட், பெஞ்சுக்கு அது போதும். பெரிய இரும்புச் சாமான் ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலும் மீரட்டிலிருந்தோ ஜலந்தரிலிருந்தோதான் கிளம்பும். விளையாட்டுச் சாமான் தயாரிப்புக்குப் பேர்போன ஊர்கள் அவை. சாலை வழியாக வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: வீடு வரைக்குமா, குடோன் வரைக்குமா? "ஃப்ரீ டெலிவரி" என்று சொல்லி லாரி கம்பெனியின் குடோனில் இறக்கிவிட்டுப் போகும் விற்பனையாளர்கள் உண்டு. எனக்கு அப்படித்தான் நடந்தது. பீன்யா பக்கத்துக் குடோனிலிருந்து போன் வந்த பிறகுதான் வாடகை "டூ-பே", அதாவது நான் கட்ட வேண்டியது, என்றே தெரிந்தது. அடையாள அட்டை, எல்.ஆர். எனும் லாரி ரசீதின் நகல் இரண்டும் கையில் இல்லாமல் சரக்கைத் தர மாட்டார்கள். நாள் தள்ளினால் தாமதக் கட்டணமும் போடுவார்கள். அங்கிருந்து வீட்டுக்கு போர்ட்டர் எனும் செயலியில் டாடா ஏஸ் சரக்கு வண்டி பிடிக்கலாம். செயலியில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்று தனியாகக் குறிக்க வேண்டும். டிரைவர் மட்டும் வந்து நின்றால் 60 கிலோ பெட்டியை நீங்கள்தான் தூக்க வேண்டும்.

பெட்டியைப் பிரிக்கும் முன்னாலிருந்தே வீடியோ எடுங்கள். போல்ட் பொட்டலம் பெரும்பாலும் ஏதாவது ஒரு குழாய்க்குள் அல்லது தெர்மோகோலின் பள்ளத்தில் ஒட்டியிருக்கும். தேடாமல் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

ராக்கை இங்கேயே வெல்டிங் பட்டறையில் செய்துகொள்வதும் ஒரு வழி. பீன்யா, காமாட்சிபாளையா பக்கம் நல்ல கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். 50க்கு 50 மி.மீ. சதுரக் குழாய், கனம் 2.5 அல்லது 3 மி.மீ. என்று எழுதிக் கொடுங்கள். 3 மி.மீ. குழாய் மீட்டருக்கு நான்கு கிலோவுக்கு மேல் நிற்கும், தூக்கிப் பார்த்தாலே தெரியும். முழுக்க வெல்டிங் வைக்காமல் போல்ட் போட்டுக் கழற்றும்படி செய்யச் சொல்லுங்கள். முழுதாக வெல்டிங் வைத்த ராக் எந்தக் கதவிலும் நுழையாது, அடுத்த வீட்டுக்கும் வராது.

கோவை, சேலம் என்று சொந்த ஊரில் பழைய பிளேட் கிடக்கிறதா? தனியார் பஸ் பார்சலில் போட்டு கலாசிபாளையத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

7. பழைய சாமான்

பெங்களூரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் மாதக் கடைசியில் விற்கிறார்கள். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் ஓஎல்எக்ஸைப் பாருங்கள். இரும்பு பிளேட் கெடாது, துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிடலாம். பாரை மட்டும் தரையில் உருட்டிப் பாருங்கள். நடுவில் வளைந்திருந்தால் உருளும்போது மேலும் கீழும் துள்ளும். வேண்டாம். அட்வான்ஸ் அனுப்பினால்தான் பிடித்து வைப்பேன் என்றால் விட்டுவிடுங்கள். நேரில் பார்த்துப் பணம் கொடுங்கள்.

8. ட்ரெட்மில் வேண்டுமா?

கப்பன் பார்க், லால்பாக், அல்சூர் ஏரிக்கரை இருக்கும் ஊரில், வருடம் முழுக்க நடக்கத் தோதான தட்பவெப்பத்தில், எடைச் சாமான் வாங்காமல் ட்ரெட்மில் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. முழங்கால், பாதுகாப்பு, இரவு வேலை என்று உண்மையான காரணம் இருந்தால் வாங்குங்கள்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் குதிரைத்திறன் பெரும்பாலும் உச்ச அளவு. தொடர்ந்து தரும் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். 3 குதிரைத்திறன் என்றால் 2,238 வாட், கிட்டத்தட்ட 10 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பாயின்டில் செருகவே கூடாது. 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். படுக்கையறையில் அது பெரும்பாலும் ஏசிக்காகக் கூரைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். எக்ஸ்டென்ஷன் போர்டு போட்டு இழுக்க வேண்டாம். எலெக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன் இழுங்கள், அதற்கும் ஓனர் சம்மதம் வேண்டும். அடுக்குமாடி ஜெனரேட்டரில் வீட்டுக்கு இவ்வளவு வாட் என்று வரம்பு இருக்கும். கரண்ட் போன நேரத்தில் ட்ரெட்மில் போட்டால் வீடு முழுக்க இணைப்பு விழுந்துவிடும்.

9. சுவரில் மாட்டுவது

புல்-அப் பாரைச் சுவரில் மாட்டுவதற்கு முன் சுவர் என்ன என்று பாருங்கள். தட்டினால் டொக்கென்று வெற்றொலி வரும் நாலங்குல பிளாக் சுவரில் உங்கள் எடையைத் தொங்கவிடக் கூடாது. மிவான் முறையில் கட்டிய புதிய கட்டடங்களில் சுவரே கான்கிரீட்தான். நன்றாகத் தாங்கும், ஆனால் உள்ளே வயர் குழாயும் கம்பியும் ஓடும். அசோசியேஷன் அனுமதி இல்லாமல் துளைக்கவே விடமாட்டார்கள். வாடகை வீட்டில் ராக்கோடு சேர்ந்த புல்-அப் கம்பியே நல்லது. துளைதான் என்றால் ஆங்கர் போல்ட்டை ஹார்டுவேர் கடைகள் நிறைந்த எஸ்ஜேபி ரோட்டில் வாங்கி, ஹாமர் டிரில் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

10. வைத்த பிறகும், காலி செய்யும்போதும்

இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை சத்தக் கட்டுப்பாட்டு விதிப்படி இரவு நேரம். அந்த நேரத்தில் டெட்லிஃப்ட் வேண்டாம். முதல் வாரத்திலேயே கீழ் வீட்டுக்குப் போய், "சத்தம் கேட்டால் சொல்லுங்க" என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அசோசியேஷன் குழுவில் புகார் வருவதற்கு முன் உங்களுக்கு வரும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலத்தில் பாரில் துரு பிடிக்கும். வாரம் ஒருமுறை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, துளி மெஷின் ஆயில் தடவி, துணியால் துடைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை எல்லா போல்ட்டையும் ஸ்பேனர் வைத்து இறுக்குங்கள்.

வீடு மாறும்போது பேக்கர்ஸ் மூவர்ஸ்காரரிடம் விலை கேட்கையில் "கொஞ்சம் ஜிம் சாமான்" என்று சொல்லாதீர்கள். எத்தனை கிலோ இரும்பு என்று சொல்லி, அதையும் சேர்த்த தொகையை எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஏற்றும் நாளன்று வாசலில் கூடுதல் கூலி கேட்பார்கள். பிளேட்டை அட்டைப் பெட்டியில் போட விடாதீர்கள், அடி கழன்றுவிடும். இரண்டிரண்டாகக் கோணியில் கட்டி, வண்டியில் முதலில் ஏற்றச் சொல்லுங்கள். அறை காலியானதும் டைல்ஸைத் துடைத்து, முன்பு படம் எடுத்த அதே இடங்களிலிருந்து மறுபடி படம் எடுத்து, சாவி கொடுப்பதற்கு முன்பே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.